எடுத்துவிட்டால் நிம்மதி என்பது சிகிச்சை ஆகாது

நெஞ்செரிச்சல் என்றோ, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்றோ எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளப் போகிறவர்களில் சிலருடைய அறிக்கையில் எதிர்பாராத ஒரு வரி இருக்கும். இரைப்பையின் கீழ்ப்பகுதியில், சிறுகுடலுக்குத் திறக்கும் பைலோரஸ் வாயிலுக்குச் சற்று முன்னால், சவ்வுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு புடைப்பு. நடுவில் சிறு குழி. ‘எக்டோபிக் பேன்கிரியாஸ்’ ஆக இருக்கலாம். அதாவது, கணையத்தில் இருக்க வேண்டிய திசு இரைப்பைச் சுவருக்குள் இருக்கிறது. அன்று மாலையே வீட்டில் முடிவு எடுக்கப்பட்டுவிடும். “கட்டின்னு வந்த பிறகு எதுக்கு உள்ளே வெச்சுக்கணும்? எடுத்துட்டா நிம்மதி.” சொந்தக்காரர்கள் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. மருத்துவர்களிலும் சிலர் இதையே மருத்துவ மொழியில் சொல்கிறார்கள்.

இந்த எண்ணத்தை மறுக்கவே இக்கட்டுரை. தொந்தரவு எதுவும் தராத, அடையாளம் தெளிவாகத் தெரிந்த இடம் மாறிய கணையத் திசுவை வெட்டி எடுக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. எடுக்கச் சொல்பவர்கள் நான்கு காரணங்கள் காட்டுகிறார்கள்: அது புற்றுநோயாக மாறலாம், எடுத்துச் சோதிக்காமல் என்னவென்று உறுதியாகத் தெரியாது, வயிற்றுத் தொந்தரவுக்கு அதுதான் காரணம், இன்றைய கருவிகளால் எடுப்பது சுலபம். நான்கிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. அந்த ஓரளவை முழு உண்மையாக எடுத்துக்கொள்வதால்தான் தேவையில்லாத அறுவைகள் நடக்கின்றன.

முதலில், இது என்ன என்பதைப் பார்ப்போம். கரு உருவான நான்காவது, ஐந்தாவது வாரங்களில் முன்குடலிலிருந்து இரண்டு மொட்டுகள் கிளம்புகின்றன. ஒன்று முதுகுப் பக்கம், மற்றது வயிற்றுப் பக்கம். குடல் சுழலும்போது வயிற்றுப் பக்க மொட்டு பின்னால் திரும்பிவந்து மற்றதோடு இணைய, கணையம் உருவாகிறது. இந்த நகர்வில் சில செல்கள் பிரிந்து, பக்கத்தில் இருக்கும் இரைப்பையிலும் சிறுகுடலிலும் தங்கிவிடுகின்றன என்பது பழைய விளக்கம். முன்குடலின் எந்தச் செல் எதுவாக வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் மரபணுக் கட்டளைகள் பிசகுவதே காரணம் என்பது பின்னால் வந்த விளக்கம்; ஹெஸ்1 என்ற மரபணு செயலிழந்த எலிகளில் இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் கணையத் திசு உருவாவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள். எந்த விளக்கம் சரியாக இருந்தாலும், இது பிறவியிலேயே அமைவது. ஒருவருக்கு 50 வயதில் கண்ணில் பட்டால், 50 ஆண்டுகளாக அது அங்கேயே இருந்திருக்கிறது. எண்டோஸ்கோப்பி செய்த அன்றைக்கு முளைத்ததல்ல.

மருத்துவத்துக்கும் இது புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதைப் பற்றிய குறிப்பு உண்டு. 1859இல் கிளாப் இதை நுண்ணோக்கியில் பார்த்து, கணையத் திசுதான் என்று உறுதிசெய்தார். 1909இல் ஹைன்ரிக் இதன் உள்ளமைப்பைக் கொண்டு வகை பிரித்தார். சிலவற்றில் செரிமான நீர் சுரக்கும் செல் கொத்துகள், அந்த நீரை வெளியேற்றும் நாளங்கள், இன்சுலின் சுரக்கும் தீவுகள் என்று முழுக் கணையத்தின் உறுப்புகளும் இருக்கும். சிலவற்றில் நாளங்கள் மட்டுமே இருக்கும். எந்த வகையானாலும், உண்மையான கணையத்தோடு அதற்குத் திசுத் தொடர்போ ரத்தக்குழாய்த் தொடர்போ இருக்காது. தனக்கென்று ரத்த ஓட்டம் வைத்துக்கொண்டு, தான் இருக்கும் சுவருக்குள் அடங்கிக் கிடக்கும்.

இனி முதல் வாதம். ‘புற்றுநோயாக மாறலாம்.’ மாறலாம்தான். அப்படி மாறிய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வந்திருக்கின்றன. அதற்கான அளவுகோல்களும் வகுக்கப்பட்டிருக்கின்றன. 0.7 முதல் 1.8 சதவீதம் வரை என்ற கணக்கு இந்தத் துறையின் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. நோயாளியிடம் இந்த எண்ணைச் சொன்னால், ‘நூறில் ஒருவருக்குப் புற்றுநோயா?’ என்று அவர் நடுங்குவது இயல்பு.

ஆனால் அந்த எண் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது? பெரும்பாலும் அறுவை செய்து எடுக்கப்பட்ட திசுக்களிலிருந்து. அறுவைக்கு வந்தவர்கள் யார்? வலி, ரத்தக்கசிவு, அடைப்பு, வளர்ச்சி, சந்தேகத்துக்குரிய தோற்றம் என்று ஏதோ ஒரு காரணத்தால் பிரித்தெடுக்கப்பட்டவர்கள். வாழ்நாள் முழுவதும் இந்தத் திசுவைச் சுமந்து, அறியாமலே வாழ்ந்து, வேறு காரணத்தால் இறந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அவர்கள் எத்தனை பேர் என்பதைப் பிரேதப் பரிசோதனைகள் சொல்கின்றன. வெவ்வேறு தொகுப்புகளில் 0.5 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 14 சதவீதம் வரை இடம் மாறிய கணையத் திசு காணப்பட்டிருக்கிறது. மேல்வயிற்று அறுவைகளில் சுமார் 500இல் ஒன்றில் இது கண்ணில் படுகிறது. குறைந்தபட்ச எண்ணையே எடுத்துக்கொண்டாலும், 200 பேரில் ஒருவர் இதோடு பிறக்கிறார். இத்தனை பேர் சுமக்கும் ஒன்றில் புற்றுநோய் வந்த நிகழ்வுகள் தனித்தனி அறிக்கைகளாக எழுதப்படும் அளவுக்கு அரிதாக இருக்கின்றன. வகுக்கும் எண்ணைச் சுருக்கிவிட்டு ஆபத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். கணையத் திசு தனக்குரிய இடத்தில் இருந்தாலும் அதில் புற்றுநோய் வரும். வந்தால் மிகக் கொடியதாகவும் இருக்கும். அதற்காக நலமாக இருப்பவருடைய கணையத்தை முன்கூட்டியே எடுத்துவிடலாம் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. ஒரு திசுவில் புற்றுநோய் வர வாய்ப்பிருக்கிறது என்பது மட்டும் அதை எடுப்பதற்குக் காரணமாகாது. எவ்வளவு வாய்ப்பு, எடுப்பதால் என்ன ஆபத்து என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது வாதம்தான் இருப்பதில் வலுவானது: ‘எடுத்துச் சோதிக்காமல் என்னவென்று எப்படித் தெரியும்?’ இரைப்பைச் சவ்வுக்கு அடியில் வரும் புடைப்புகள் பலவகை. கொழுப்புக் கட்டி, தசைக் கட்டி, கார்சினாய்டு, ஜிஸ்ட் என்று பட்டியல் நீளும். இவற்றில் ஜிஸ்ட் புற்றுநோய்த் தன்மை கொண்டது. வளரவும் பரவவும் கூடியது. கணையத் திசு என்று நினைத்து ஜிஸ்டை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை நியாயமானது. அதற்கான விடை கத்தியில்தான் இருக்கிறது என்பதில்தான் தவறு.

எண்டோஸ்கோப்பியில் மருத்துவர் காண்பதை நெருங்கிப் பார்ப்போம். இரைப்பையில் இருக்கும் இத்தகைய திசுக்களில் பத்தில் ஒன்பது வரை கீழ்ப்பகுதியில், பெரும்பாலும் பெரிய வளைவின் பக்கம், பைலோரஸிலிருந்து சில சென்டிமீட்டருக்குள் அமைகின்றன. மேலே மூடியிருக்கும் சவ்வு வழவழப்பாக, பக்கத்துச் சவ்வின் நிறத்திலேயே இருக்கும். திசுவின் நாளம் இரைப்பைக்குள் திறக்கும் இடத்தில், உச்சியில் தொப்புள் போல ஒரு குழி தெரியும். இடம், சவ்வின் தோற்றம், குழி மூன்றும் ஒன்றாக அமைந்திருந்தால், அனுபவமுள்ள கண்ணுக்கு ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

இங்கே பயாப்ஸி குழப்பத்தை உண்டாக்குகிறது. சாதாரண ஃபோர்செப்ஸ் கிள்ளி எடுப்பது மேற்சவ்வை. திசுவோ அதற்கு அடியில், பெரும்பாலும் சவ்வடித் தளத்தில் இருக்கிறது. சிலருக்குத் தசைத் தளம் வரை இறங்கியிருக்கும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கிள்ளி ஆழத்துக்குப் போனாலும் பல சமயம் திசு கிடைப்பதில்லை. ஆகவே ‘லேசான அழற்சி, வேறொன்றும் இல்லை’ என்று லேபிலிருந்து தாள் வருகிறது. ‘பயாப்ஸியில் தெரியவில்லை, அதனால் அறுவை’ என்ற முடிவு இந்தத் தாளிலிருந்துதான் பிறக்கிறது. எட்டாத இடத்தை எட்டவில்லை என்று அந்தக் கருவி சொல்கிறது. அதை ஆபத்தின் அறிகுறியாகப் படிப்பது தவறு. சொல்லப்போனால் மேற்சவ்வு இயல்பாக இருப்பது நல்ல செய்தி; சவ்வின் ஆழப் பகுதியில் தொடங்கும் கார்சினாய்டு போன்றவை இத்தகைய பயாப்ஸியிலேயே பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

ஐயம் மிச்சமிருந்தால் அடுத்தது எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட். குழாயின் முனையிலேயே ஸ்கேன் கருவி பொருத்தப்பட்டிருக்கும். இரைப்பைக்குள் கொஞ்சம் நீரை நிரப்பி, சுவரை ஒட்டி வைத்துப் பார்ப்பார்கள். இரைப்பைச் சுவர் வெளுப்பும் கருப்புமாக ஐந்து அடுக்குகளாகத் திரையில் விரியும். கணையத் திசு பெரும்பாலும் மூன்றாவது அடுக்கில், சவ்வடித் தளத்தில் இருக்கும். நான்காவதுக்குள் நீண்டிருக்கவும் கூடும். ஓரங்கள் தெளிவாக இருக்காது. உள்ளே வெளுப்பும் சாம்பலும் கலந்திருக்கும். நடுவே நாளம் ஒரு கருங்கோடாகத் தெரிந்தால் அடையாளம் ஏறக்குறைய முடிவாகிவிடும். ஜிஸ்ட் வேறு விதம். நான்காவது அடுக்கான தசைத் தளத்திலிருந்து கிளம்பி, ஓரம் தெளிவான, கருமையான உருண்டையாக நிற்கும். கொழுப்புக் கட்டி மூன்றாவது அடுக்கில் பளிச்சென்ற வெண்மையாகத் தெரியும். ஃபோர்செப்ஸால் அழுத்தினால் அமுங்கும்.

சி.டி. ஸ்கேனும் உதவும். தென் கொரியக் கதிரியக்க மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஜிஸ்டிலிருந்தும் தசைக் கட்டியிலிருந்தும் கணையத் திசுவைப் பிரித்தறியும் அடையாளங்களைத் தொகுத்தது: பைலோரஸுக்கு அருகில் இருத்தல், இரைப்பையின் உட்பக்கமாக வளர்தல், தெளிவற்ற ஓரம், மேற்சவ்வு அதிகமாக ஒளிர்தல், நீள விட்டம் குறுக்கு விட்டத்தைப் போல 1.4 மடங்குக்கு மேல் இருத்தல். எளிமையாகச் சொன்னால், கணையத் திசு சப்பையாகப் படுத்திருக்கும். கட்டிகள் உருண்டு நிற்கும். இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் தீராதபோது, அல்ட்ராசவுண்ட் வழிகாட்டுதலில் ஊசி செலுத்தி ஆழத்திலிருந்தே திசு எடுக்கலாம். ஜிஸ்டாக இருந்தால் கிட், டாக்1 என்ற புரதங்களுக்கான சாயங்கள் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

அறுவைக்குப் பிறகு பார்த்தபோது முன்பு நினைத்தது தவறாக இருந்தது என்று காட்டும் ஆய்வுகள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அவையும் அறுவைக்குப் போனவர்களையே எண்ணுகின்றன. குழி இல்லாத, தசைத் தளத்தில் அமைந்த, உருவம் மயக்கும் திசுக்களே அங்கே குவிந்திருக்கின்றன. அடையாளம் தெளிவாக இருந்ததால் விடப்பட்டவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

உலகின் முதன்மையான அமைப்புகள் இதில் குழப்பமில்லாமல் பேசியிருக்கின்றன. ஐரோப்பிய இரைப்பை-குடல் எண்டோஸ்கோப்பி சங்கம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை, நோயறிதல் தெளிவாக இருந்து தொந்தரவும் இல்லாவிட்டால், இடம் மாறிய கணையத் திசுவுக்குத் தொடர் கண்காணிப்பே வேண்டாம் என்கிறது. அமெரிக்க இரைப்பைக்குடலியல் சங்கம் அதே ஆண்டு வெளியிட்ட அறிவுரையும், தோற்றம் கணையத் திசுவுக்குப் பொருந்தி, மேற்சவ்வின் பயாப்ஸியும் இயல்பாக இருந்தால், மேற்கொண்டு சோதனையோ கண்காணிப்போ தேவையில்லை என்கிறது. உறுதியாகத் தெரியாத சிறு புடைப்புகளுக்குக்கூட ஐரோப்பிய நெறிமுறை உடனே கத்தியைக் கையில் எடுக்கச் சொல்வதில்லை. மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒருமுறை. பிறகு 10 மில்லிமீட்டருக்குக் குறைவானதை 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை. 10 முதல் 20 மில்லிமீட்டர் வரையானதை 1, 2 ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கலாம் என்கிறது. இவ்வளவு தெளிவான வழிகாட்டுதல் இருக்கும்போது, ‘எதற்கும் எடுத்துவிடுவோம்’ என்பதை எச்சரிக்கை என்று அழைக்க முடியாது.

மூன்றாவது வாதம் நோயாளியின் மனத்துக்கு மிக நெருக்கமானது. ‘வயிறு வலித்ததால்தானே பார்த்தோம்; பார்த்த இடத்தில் ஒன்று இருக்கிறது; அப்படியானால் வலிக்கு அதுதானே காரணம்?’ இரண்டும் ஒரே வயிற்றில் இருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. வலிக்குப் பல காரணங்கள் இருக்கின்றன: ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி, மூட்டுவலிக்காக நாள்தோறும் போடும் மாத்திரைகள், அமிலப் பின்னோட்டம், பித்தப்பைக் கல், சோதனையில் எந்தக் கோளாறும் தெரியாத செயல்பாட்டு அஜீரணம். இவை ஊரெங்கும் காணப்படுபவை. ஒரு சென்டிமீட்டர் திசு வலியை உண்டாக்குவது அபூர்வம். 1.5 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தவையும் மேற்சவ்வைத் தொடுபவையுமே தொந்தரவு தரும் வாய்ப்பு அதிகம் என்பது பல காலமாக அறியப்பட்டது. கிருமிக்கு மருந்து கொடுக்காமல், மாத்திரையை நிறுத்திப் பார்க்காமல், பித்தப்பையை ஸ்கேன் செய்யாமல் அந்தத் திசுவை எடுத்தால், தழும்பு ஆறிய பிறகும் அதே வலி மிஞ்சும்.

எடுத்தே தீர வேண்டிய நிலைமைகள் இருக்கின்றன. அவற்றை மறைப்பது என் நோக்கமல்ல. திசு பைலோரஸை அடைத்து உணவு இறங்காமல் வாந்தி வரலாம். கைக்குழந்தைகளில்கூட இது நடந்திருக்கிறது. மேற்சவ்வு புண்ணாகி ரத்தம் கசியலாம். கணையத் திசு என்பதால் அதற்குள்ளேயே கணைய அழற்சி வந்து, கடுமையான வலியோடு ரத்தத்தில் அமைலேஸ் ஏறலாம்; உள்ளே நீர்க்கட்டி உருவாகலாம். தொடர்ந்து பெரிதாகி வந்தாலோ, மேற்சவ்வு சிதைந்து காணப்பட்டாலோ, ஊசித் திசுவில் சந்தேகம் இருந்தாலோ தயங்காமல் எடுக்க வேண்டும். அங்கே காத்திருப்பது தவறு. எடுக்க வேண்டிய அந்தச் சிலரைச் சரியாகப் பிரித்தறிவதுதான் மருத்துவரின் திறமை. எல்லாரையும் எடுக்கச் சொல்வதில் எந்தத் திறமையும் தேவைப்படுவதில்லை.

நான்காவது வாதம்: ‘இப்போதெல்லாம் எண்டோஸ்கோப்பியிலேயே எடுத்துவிடலாம், காலையில் போய்ச் சில நாளில் வீடு திரும்பலாம்.’ சவ்வடித் தளத்தில் மட்டும் இருக்கும் சிறு திசுவை அப்படி எடுக்க முடியும் என்பது உண்மை. ஆனால் இரைப்பைச் சுவர் சில மில்லிமீட்டர் தடிமனே உடையது. அதன் உள் அடுக்குகளைச் செதுக்கி எடுக்கும்போது நூற்றில் சிலருக்கு ரத்தக்கசிவோ துளையோ ஏற்படுகிறது. கைதேர்ந்தவர்களிடமும் அது முற்றிலும் இல்லாமல் போவதில்லை. சில நாள் கழித்து வீட்டில் இருக்கும்போது ரத்த வாந்தி வருவதும் உண்டு. இந்தத் திசுவின் ஓரம் தெளிவற்றது என்பதையும், தசைக்குள் வேர்விட்டிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. தசைத் தளத்துக்கு இறங்கியிருந்தால் லேப்ராஸ்கோப்பியில் சுவரின் ஒரு பகுதியையே வெட்டித் தைக்க வேண்டிவரும். திசு பெரும்பாலும் அமைவது பைலோரஸுக்கு அருகில். அங்கே வெட்டித் தைத்தால் வாயில் சுருங்கும் ஆபத்தும் சேர்கிறது. சந்தேகத்தின் பேரில் இரைப்பையின் கீழ்ப்பகுதியையே நீக்கிய நிகழ்வுகளும் உண்டு. அப்படி நீக்கப்பட்டவருக்குச் சாப்பிட்டவுடன் உணவு குடலுக்குள் வேகமாகக் கொட்டுவதால் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு வரலாம். இரும்பும் பி12 வைட்டமினும் குறையலாம். வாழ்நாளில் ஒருநாளும் தொல்லை தந்திருக்காத ஒரு திசுவுக்காக இந்த விலை கொடுக்கப்படுகிறது.

இறுதியாக எழும் ஆட்சேபம் நம் ஊர் நிலைமையைப் பற்றியது. ‘எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் எல்லா ஊரிலும் இல்லை, நோயாளி திரும்ப வருவார் என்ற உறுதியும் இல்லை, அதனால் வந்த அன்றே முடித்துவிடுவது நல்லது’ என்கிறார்கள். இதற்கு இரண்டு பதில்கள். அடையாளம் தெளிவானால் திரும்ப வரவே வேண்டியதில்லை என்பதுதான் நெறிமுறை. வராமல் போவாரே என்ற கவலை அங்கே எழவே இல்லை. தெளிவாகாவிட்டால், அந்தக் கருவி இருக்கும் பெரிய நகரத்துக்கு ஒருமுறை போய்வருவது, மயக்க மருந்து கொடுத்துச் சுவரை வெட்டுவதைவிடச் செலவிலும் ஆபத்திலும் குறைவு. இங்கே பணம் பாயும் திசையையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. வெளிநோயாளியாகச் செய்துகொள்ளும் ஸ்கேனுக்கு நோயாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அறுவைக்குக் காப்பீடு கொடுக்கும். இந்த ஏற்பாட்டில், தேவையில்லாத அறுவை குடும்பத்துக்கு மலிவாகவும், தேவையான சோதனை விலை கூடியதாகவும் தெரிகிறது. நோயறியும் சோதனைகளுக்கும் காப்பீடு பணம் தர வேண்டும். அதுவரை இந்தச் சாய்வு மருத்துவ முடிவுகளைக் கெடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

பயம் நிஜமானது என்பதை நான் மறுக்கவில்லை. ‘கட்டி’ என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு தூங்க முடியாதவருக்குப் புள்ளிவிவரம் மட்டும் ஆறுதல் தராது. ஆனால் அந்தப் பயத்தின் பெரும்பகுதியை உண்டாக்குவது அறிக்கையின் அரைகுறை வாசகம். எண்டோஸ்கோப்பி செய்யும் மருத்துவர் அந்த அறிக்கையில் நான்கு செய்திகளைச் சேர்த்து எழுத வேண்டும்: எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, நடுக்குழி இருக்கிறதா, மேற்சவ்வு எப்படி இருக்கிறது. அடையாளம் தெளிவானால், ‘இது பிறவியில் அமைந்த கணையத் திசு, சிகிச்சை தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த வாக்கியத்தை எழுதும் துணிவு மருத்துவருக்கு வந்தால், அடுத்த மருத்துவமனையில் இதே கதை முதலிலிருந்து தொடங்காது.

நோயாளியும் அறுவைச் சம்மதத் தாளில் கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை உண்டு. அல்ட்ராசவுண்டில் இது எந்த அடுக்கில் தெரிந்தது? ஜிஸ்ட் என்று சந்தேகிக்க என்ன காரணம்? என் தொந்தரவுக்கு வேறு காரணம் இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? எடுக்காமல் விட்டால் எனக்கு நேரக்கூடியது என்ன? இவற்றுக்குத் திட்டவட்டமான பதில் வந்தால் தயங்காமல் சம்மதிக்கலாம். ‘எதற்கும் எடுத்துவிடுவது நல்லது’ என்பது மட்டுமே பதிலாக வந்தால், அந்தத் தாளில் கையெழுத்திடாமல் இன்னொரு குடல்நோய் மருத்துவரிடம் காட்டுவது நோயாளியின் உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்தச் சொல்லி அவரை ஊக்குவிப்பது, முதலில் பார்த்த மருத்துவரின் கடமையும்கூட.